லைசென்ஸ் வைத்திருக்கும் டாக்டர்: டொனால்ட் ப்ளெசன்ஸ் என்ற குணச்சித்திர நடிகர்

இரவு நேரம். பாழடைந்த ஒரு வீட்டுக்குள் ஊர் ஷெரிஃபும் ஒரு மனநல மருத்துவரும் நிற்கிறார்கள். 15 வருடங்களுக்கு முன்னால் 6 வயதுப் பையன் ஒருவன் தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொன்ற வீடு அது. திடீரென்று கூரையோரத் தகரம் ஒன்று சரிந்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறது. அடுத்த நொடி டாக்டரின் கையில் துப்பாக்கி. வந்தது ஆள் இல்லை, தகரம்தான் என்று தெரிந்ததும் அவருக்கு வெட்கமாகிவிடுகிறது. என்னை ஒரு மாதிரியான டாக்டர் என்று நினைத்திருப்பீர்கள், இல்லையா என்கிறார் ஷெரிஃபிடம். அப்புறம், சொல்ல விட்டுப்போனது ஞாபகம் வந்தவர்போல, இதற்கு லைசென்ஸ் இருக்கிறது என்று சேர்த்துக்கொள்கிறார்.

1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் காட்சி இது. டாக்டர் லூமிஸாக நடித்தவர் டொனால்ட் ப்ளெசன்ஸ். அந்த லைசென்ஸ் வசனத்தை வேறு நடிகர் பேசியிருந்தால் சிரிப்புக்காக வைத்ததாகத் தெரிந்திருக்கும், அல்லது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ப்ளெசன்ஸ் பேசும்போது வேறொன்று நடக்கிறது. சாவைத் தேடி வந்திருக்கும் ஆள், தன் காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லிக்கொள்கிறார். அவர் பைத்தியம் இல்லை, படிவங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கி வாங்கிய ஒழுங்கான மனிதர் என்பது நமக்கு உறைக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரே பயந்துபோய் நிற்கிறார் என்றால் வந்திருப்பது நிஜமாகவே பெரிய ஆபத்தாகத்தான் இருக்க வேண்டும்.

ப்ளெசன்ஸ் திகில் படங்களிலும் போர்ப்படங்களிலும் குற்றப்படங்களிலும் மாறி மாறி நடித்தவர். ‘பல்துறை நடிகர்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. அவர் பெரிதாக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் முகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பேய்வீட்டிலும் கைதி முகாமிலும் கொலை நடந்த அறையிலும் வைத்தார். முகம் ஒன்றுதான், வைக்கும் இடத்தைப் பொறுத்து நம் பயம் மாறியது.

அந்த முகம் சும்மா வந்ததும் இல்லை. 1919 அக்டோபர் 5 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள வொர்க்சாப் என்ற ஊரில் பிறந்தார். ரயில்வேக் குடும்பம், அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். மகனும் முதலில் ரயில்வேயில்தான் சேர்ந்தார், குமாஸ்தாவாக. நாடக ஆசை விடவில்லை. 1939இல் ஜெர்சித் தீவில் ஒரு நாடகக் குழுவில் மேடையேறினார். அந்த வருடமே உலகப்போர் வெடித்தது.

தொடக்கத்தில், மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று பதிவு செய்துகொண்டவர் அவர். லண்டனில் ஜெர்மன் குண்டுகள் விழுந்ததைப் பார்த்த பிறகு மனம் மாறி விமானப் படையில் சேர்ந்தார். 166ஆம் படைப்பிரிவின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை. 1944 ஆகஸ்ட் 31 அன்று பிரான்ஸுக்குத் தாக்குதலுக்குப் போன அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிடிபட்டவரை பால்டிக் கடலோரத்தில் பார்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ‘ஸ்டாலாக் லுஃப்ட் 1’ கைதி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் சக கைதிகளை வைத்து நாடகம் போட்டார். 1945 மே மாதம் சோவியத் படை வந்து சேரும்வரை முள்வேலிக்குள்தான் இருந்தார்.

போர் முடிந்து மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் திரும்பியவருக்கு என்ன வேடங்கள் கிடைத்தன என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை 1954இல் பிபிசி நாடகமாக்கியபோது அவருக்குக் கிடைத்தது சைம் வேடம். அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அகராதியிலிருந்து வார்த்தைகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிகிற ஆள். 1956இல் அதே கதை திரைப்படமானபோது பார்சன்ஸ், அதாவது கட்சி சொன்னதையெல்லாம் நம்புகிற பக்கத்து வீட்டு ஊழியர். இரண்டும் குமாஸ்தா வேடங்கள்தான். நடிகர் தேர்வு செய்கிறவர்களின் கண் சில நேரம் விமர்சகர்களின் கண்ணைவிடக் கூர்மையானது.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தது 1960இல் லண்டனில் அரங்கேறிய ஹரால்ட் பின்டரின் ‘தி கேர்டேக்கர்’ நாடகம். அதில் அவர் டேவிஸ் என்ற வீடு வாசல் இல்லாத கிழவர். டேவிஸ் நாடகம் முழுவதும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்: தன்னுடைய காகிதங்கள் சிட்கப் என்ற ஊரில் ஒருவரிடம் இருக்கின்றன, வானிலை கொஞ்சம் சரியானதும் போய் வாங்கிவிட வேண்டும், அவை கையில் வந்தால்தான் தான் யார் என்று நிரூபிக்க முடியும். அவர் போவதே இல்லை. 1963இல் இது படமாகவும் வந்தது.

அதே 1963இல்தான் ‘தி கிரேட் எஸ்கேப்’ வந்தது. அதில் ப்ளெசன்ஸ் செய்யும் வேலை, பிறருக்குப் போலிக் காகிதங்கள் தயாரித்துக் கொடுப்பது. ஒரு படத்தில் காகிதம் இல்லாமல் அல்லாடும் மனிதர், இன்னொரு படத்தில் காகிதத்தால் உயிர் காப்பாற்றும் மனிதர். தற்செயலாக அமைந்ததுதான். ஆனாலும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

படத்துக்குப் பின்னால் இருக்கும் நிஜம் தெரிந்ததுதான். ‘ஸ்டாலாக் லுஃப்ட் 3’ முகாமிலிருந்து 1944 மார்ச் 24 இரவு சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள், அதில் 50 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக்கொன்றார்கள். நிஜ முகாமில் போலி ஆவணப் பிரிவை நடத்தியவர் டிம் வாலன். அந்தப் பிரிவுக்குக் கைதிகள் ‘டீன் அண்ட் டாசன்’ என்று ஒரு பயண ஏஜென்சியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். சுடப்பட்ட 50 பேரில் வாலனும் ஒருவர்.

படத்தில் ப்ளெசன்ஸின் பாத்திரம் காலின் பிளைத். பறவைகள் மேல் பிரியம் கொண்ட, பால் இல்லாமல் டீ குடிப்பது நாகரிகம் இல்லை என்று வருத்தப்படுகிற, யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். இரவும் பகலும் மங்கிய வெளிச்சத்தில் முத்திரைகளையும் எழுத்துகளையும் வரைந்து வரைந்து அவருடைய பார்வை போய்விடுகிறது. தப்பும் நாள் நெருங்கும்போது, கண் தெரியாதவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்ற பேச்சு வரப்போகிறது என்று அவருக்கே தெரியும். அதற்காக ஒரு தந்திரம் செய்கிறார்.

தப்பிக்கும் திட்டத்தின் தலைவர் பார்ட்லெட் அறைக்கு வருகிறார். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, அதோ கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும் குண்டூசிகூடத் தெரிகிறது என்கிறார் பிளைத். எழுந்து நேராக நடந்து போய்க் குனிந்து ஊசியை எடுத்தும் காட்டுகிறார். அவரே முன்கூட்டி வைத்த ஊசி அது. எத்தனை அடி என்று எண்ணிப் பழகியிருக்கிறார். பார்ட்லெட் ஒன்றும் சொல்லாமல் தன் காலை மெல்ல வழியில் நீட்டுகிறார். திரும்பி வருகிற பிளைத் தடுக்கி விழுகிறார்.

இந்தக் காட்சியில் ப்ளெசன்ஸின் முகத்தை மட்டும் பாருங்கள். ஊசியை எடுத்து நிமிரும்போது, பரீட்சையில் பாஸாகிவிட்ட பிள்ளையின் பெருமை இருக்கும். விழுந்த பிறகு அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. கணக்குப் புத்தகத்தில் பொய் எழுதி மாட்டிக்கொண்ட ஒழுங்கான ஊழியரின் கூச்சம் மட்டுமே இருக்கும். தான் சாகக்கூடும் என்பதைவிட, தன் வேலை சரியில்லாமல் போய்விட்டதே என்பதுதான் அவரை அதிகம் வாட்டுவதுபோல் தெரியும். ஜேம்ஸ் கார்னரின் பாத்திரம் குறுக்கே வந்து, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பொறுப்பேற்கிறது. இருவரும் விமானம் திருடுகிறார்கள், விமானம் விழுகிறது, பிளைத் ஜெர்மன் துப்பாக்கிக்குப் பலியாகிறார். சாகும் முன் நண்பனிடம், என்னை வெளியே கொண்டுவந்ததற்கு நன்றி என்கிறார். மோட்டார் சைக்கிள் சாகசம்தான் இந்தப் படத்தின் போஸ்டர் காட்சி. ஆனால் மனதைவிட்டு நகராதது இந்த நன்றிதான்.

படப்பிடிப்பைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. முகாம் வாழ்க்கை பற்றி ப்ளெசன்ஸ் ஏதோ யோசனை சொல்லப் போக, உங்கள் கருத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸ் மரியாதையாகவே தட்டிக்கழித்தாராம். இவர் நிஜமாகவே ஜெர்மன் முகாமில் கைதியாக இருந்த விமானப் படைக்காரர் என்று சக நடிகர் ஒருவர் போய்ச் சொன்ன பிறகு, இயக்குநரே தேடி வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தாராம். சினிமா செட்டுகளில் பிறக்கும் கதைகளுக்குக் கொஞ்சம் கை கால் முளைப்பது வழக்கம். இருந்தாலும், இதில் வரும் ப்ளெசன்ஸ் படத்தில் வரும் பிளைத் போலவே இருக்கிறார். தன்னைப் பற்றித் தானாக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். நல்ல குமாஸ்தாவின் முகம் கெட்டவனுக்குப் பொருந்தினால் என்ன ஆகும்?

அதே ஸ்டர்ஜஸ் இயக்கி 1976இல் வந்த ‘தி ஈகிள் ஹாஸ் லேண்டட்’ படத்தில் ப்ளெசன்ஸ் ஹிம்லராக வருகிறார். வட்டக் கண்ணாடி, சின்ன மீசை, ஒட்ட வெட்டிய முடி. சில நிமிடங்கள்தான் வருவார். ஜெர்மன் முகாமில் கைதியாக இருந்தவர், நாஜி ஆட்சியின் கொடூரமான அதிகாரிகளில் ஒருவராக நடிக்கிறார் என்றால் பழி தீர்க்கும் நடிப்பை எதிர்பார்ப்போம். கண்ணை உருட்டி மேசையைக் குத்தியிருக்கலாம். அவர் செய்ததெல்லாம் ஒரு கர்னலிடம் ஹிட்லரின் பெயரில் அதிகாரக் கடிதம் ஒன்றைக் கொடுத்துப் பேசியதுதான். குரல் உயரவே இல்லை. திட்டம் கெட்டுப்போனதும் அந்தக் கர்னல் அதே ஹிம்லரின் உத்தரவில் சுடப்படுகிறார். காகிதம் கொடுத்தவருக்கு அதைச் செல்லாமல் ஆக்கவும் தெரியும். ஹிம்லர் லட்சக்கணக்கானவர்களைக் கோப்புகளின் வழியாகக் கொன்ற நிர்வாகி என்பது வரலாறு. அலறுகிற ஹிம்லரைவிட இந்த அமைதியான ஹிம்லர்தான் அந்த வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அதற்கு முன்பே 1967இல் ‘தி நைட் ஆஃப் தி ஜெனரல்ஸ்’ என்ற படத்தில் போரும் குற்றமும் ஒன்றாகப் பின்னிக்கொண்ட கதை அவருக்குக் கிடைத்திருந்தது. ஜெர்மன் பிடியில் இருக்கும் வார்சாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்படுகிறாள். கொலைகாரன் காலில் ஜெனரல்கள் மட்டுமே போடும் சிவப்புப் பட்டைக் கால்சட்டை. லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருக்கும் ஊரில் ஒரே ஒரு கொலைக்கு நீதி தேடி ஓமர் ஷெரிஃபின் மேஜர் அலைகிறார். சந்தேகப் பட்டியலில் மூன்று ஜெனரல்கள். பீட்டர் ஓ டூல், சார்லஸ் கிரே, ப்ளெசன்ஸ். ப்ளெசன்ஸின் ஜெனரலும் எதையோ மறைக்கிறார், ஆனால் அது கொலை இல்லை, ஹிட்லரைத் தீர்த்துக்கட்டும் சதி. அவருடைய அமைதியான முகம் முதலில் குற்றவாளியுடையதுபோல் படும், பிறகுதான் அது ரகசியம் காக்கிறவருடையது என்று புரியும். முகம் மாறவே இல்லை, நமக்குத் தெரிந்த விஷயம்தான் மாறியிருக்கிறது.

ஒரு சுவையான ஒற்றுமை: இந்த மூவரில் இரண்டு பேர், ப்ளெசன்ஸும் சார்லஸ் கிரேயும், ஜேம்ஸ் பாண்ட் படங்களில் புளோஃபெல்டாக நடித்தவர்கள். ப்ளெசன்ஸ் 1967இல் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’, கிரே 1971இல். அதுவரை கையையும் மடியில் இருக்கும் வெள்ளைப் பூனையையும் மட்டுமே காட்டிவந்த வில்லனின் முகம் முதல் தடவையாகத் தெரிந்தது ப்ளெசன்ஸ் முகமாகத்தான். மொட்டைத் தலை, கண்ணுக்குக் குறுக்கே தழும்பு. உலகம் முழுக்க அவரை இந்த வேடத்துக்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பின்னால் வந்த கேலிப்படங்களும் இந்தத் தோற்றத்தைத்தான் பிடித்துக்கொண்டன. என்னைக் கேட்டால் அவருடைய முக்கியமான வேடங்களில் இதுதான் பலவீனமானது. தழும்பு அவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது. எரிமலைக்குள் ராக்கெட் தளம் கட்டியவனுக்குக் குமாஸ்தா முகம் தேவைப்படவில்லை.

குற்றப்படங்களுக்கு அது ரொம்பவே தேவைப்பட்டது. 1960இல் ‘தி ஃபிளெஷ் அண்ட் தி ஃபீண்ட்ஸ்’ படத்தில் அவர் வில்லியம் ஹேர். 1828இல் எடின்பரோவில் கூட்டாளி பர்க்குடன் சேர்ந்து 16 பேரைக் கொன்று, பிணங்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றவன். இதைத் திகில் என்பதா, குற்றம் என்பதா? வியாபாரம் என்றுதான் ப்ளெசன்ஸ் நடித்தார்.

சில வருடங்களில் ‘டாக்டர் கிரிப்பன்’ வந்தது. மனைவியைக் கொன்று வீட்டின் நிலவறையில் புதைத்ததாகத் தண்டிக்கப்பட்டு 1910இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட நிஜ மனிதர் கிரிப்பன். மூக்குக் கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மருந்து வியாபாரி. ஆண் வேடமிட்ட காதலியோடு கப்பலில் கனடாவுக்குத் தப்பிப் போகும்போது, சந்தேகப்பட்ட கேப்டன் வயர்லெஸ் தந்தி அனுப்பி மாட்டிவிட்டார். வயர்லெஸ் உதவியால் பிடிபட்ட கொலைக் குற்றவாளி என்று அந்த வழக்கு பேர்போனது. அவராக நடித்தது ஒரு முன்னாள் வயர்லெஸ் ஆபரேட்டர் என்பது யாரும் திட்டமிட்டது இல்லை என்றே நினைக்கிறேன்.

ரோமன் போலன்ஸ்கி இயக்கிய ‘கல் டி சாக்’ (1966) வேறு தினுசு. காயம்பட்டுத் தப்பி வரும் இரண்டு ரவுடிகள் கடலோரக் கோட்டை ஒன்றுக்குள் நுழைகிறார்கள். கோட்டைக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ், அதாவது ப்ளெசன்ஸ். ரவுடி முதன்முதலில் பார்க்கும்போது ஜார்ஜ் இருக்கும் கோலம்: மனைவி விளையாட்டாக மாட்டிவிட்ட பெண்கள் இரவு உடையும் முகப்பூச்சும். அந்த நொடியிலிருந்து தன் வீட்டிலேயே தான் ஆண் என்பதை நிரூபிக்க வேண்டிய நிலைமை. அவர் படும் அவமானம் பார்க்கவே சங்கடமாக இருக்கும், சிரிப்பும் வரும். பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய படம் இது. அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு எது என்றால் நான் இதற்கும் பிளைத்துக்கும் நடுவில்தான் தடுமாறுவேன்.

ஆனால் குற்றக் கதையில் அவரை நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால் தொலைக்காட்சிக்குத்தான் போக வேண்டும். 1973இல் கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளரைப் பற்றிய ‘கொலம்போ’ தொடரின் ஒரு பகுதி. அதில் அவர் ஏட்ரியன் கார்சினி என்ற ஒயின் தயாரிப்பாளர். ஒயினுக்காகவே உயிர் வாழ்கிறவர். ஒயின் ஆலை இருக்கும் நிலத்தை விற்கப்போகிறேன் என்கிறான் மாற்றாந்தாய் மகனான தம்பி. கோபத்தில் அடித்து வீழ்த்தி, கட்டிப்போட்டு, ஒயின் நிலவறையில் ஏசியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். மூச்சு முட்டித் தம்பி சாகிறான். போலீஸுக்குக் கதை சொல்ல வசதியாக உடலைக் கடலில் போடுகிறார்.

அவர் மறந்தது ஒன்றுதான். ஏசி நின்றிருந்த நாட்களில் வெயில் கொளுத்தியது, நிலவறையில் இருந்த ஒயின் எல்லாம் கெட்டுப்போயிற்று. கொலம்போ ஒரு விருந்துக்கு அழைத்து, கார்சினியின் சொந்த நிலவறைப் புட்டி ஒன்றையே அவருக்கே பரிமாற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும் கார்சினி உணவகமே திரும்பிப் பார்க்கும்படி சீறுகிறார். கொலை செய்தபோதுகூட இவ்வளவு நிதானம் இழக்காத மனிதர், சூட்டில் கெட்ட ஒயினைச் சகிக்க முடியாமல் தன் கழுத்துக்குத் தானே கயிறு மாட்டிக்கொள்கிறார். நுட்பமான நாக்கு இருப்பவரால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் பொறி.

கடைசியில் கைது செய்து கூட்டிக்கொண்டு போகிற கொலம்போ, வழியில் ஆலைக்கு முன்னால் காரை நிறுத்தி, விருந்துக்குப் பிறகு குடிக்கிற இனிப்பு ஒயின் ஒன்றை எடுத்து ஊற்றிக் கொடுக்கிறார். கார்சினி அதைப் பார்த்துவிட்டு, நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார். வேலையை மதிக்கிற ஒருவர் வேலையை மதிக்கிற இன்னொருவருக்குத் தருகிற சான்றிதழ். கொலைகாரன்மேல் இரக்கம் வர வைப்பது கஷ்டமில்லை, மரியாதை வர வைப்பதுதான் கஷ்டம்.

திகிலுக்குத் திரும்புவோம். 1972இல் ‘டெத் லைன்’. லண்டன் பாதாள ரயில் சுரங்கத்துக்குள் நரமாமிசம் தின்று வாழும் மனிதன் ஒருவன் பயணிகளைப் பிடித்துக்கொண்டு போகிறான். மேலே தரையில் இன்ஸ்பெக்டர் ப்ளெசன்ஸ் டீ சரியில்லை என்று கடுகடுத்துக்கொண்டிருக்கிறார். கீழே ரத்தம், மேலே அலுவலகச் சள்ளை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதில்தான் படத்தின் சாமர்த்தியம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே நடப்பது ஞாபகம் வந்து சிரிப்பு பாதியில் நிற்கும்.

இனி ‘ஹாலோவீன்’. தயாரிப்புச் செலவே சுமார் 3 லட்சம் டாலர்தான். இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் முதலில் அணுகியது பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ போன்ற பிரிட்டிஷ் திகில் நட்சத்திரங்களை. கைகூடவில்லை. மறுத்ததற்காக லீ பின்னால் வருந்தினார். ப்ளெசன்ஸ் 20 ஆயிரம் டாலருக்கு 5 நாள் கால்ஷீட் கொடுத்தார். எனக்குக் கதை பிடிபடவில்லை, உங்கள் முந்தைய படத்தின் இசை என் மகளுக்குப் பிடிக்கும், அதனால்தான் நடிக்கிறேன் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னதாகக் கார்ப்பென்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த 5 நாள் படத்துக்கு என்ன கொடுத்தது என்பதைத் தொழில்நுட்பமாகப் பார்க்கலாம். கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ், அன்று அக்காவைக் கொன்ற அதே பையன், பேசுவதில்லை. முகத்தில் கடையில் வாங்கி வெள்ளையடித்த ரப்பர் முகமூடி. ஏன் கொல்கிறான் என்பதற்குக் காரணம் கிடையாது. படத்தின் பெரும்பகுதியில் அவன் தெரு முனையிலோ புதருக்குப் பக்கத்திலோ சும்மா நிற்கிறான். முகமூடி போட்ட ஒருவன் நிற்பதைக் காட்டிப் பார்வையாளரை எவ்வளவு நேரம் பயமுறுத்த முடியும்? யாராவது ஒருவர் வந்து, நீங்கள் பார்ப்பது சாதாரண ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்பவரை நாம் நம்பவும் வேண்டும். லூமிஸ் இருப்பது அதற்குத்தான். பணம் இல்லாத படம், காட்ட முடியாததை ஒரு முகத்தின் வழியாகக் கேட்க வைத்தது.

பாழடைந்த வீட்டில் லைசென்ஸ் பேச்சு முடிந்த பிறகு அவர் சொல்வது ஒரு கேஸ் ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கும். 15 வருடங்களுக்கு முன் அவனைச் சந்தித்தேன். 6 வயது. வெளிறிய, உணர்ச்சியே இல்லாத முகம், கறுத்த கண்கள். 8 வருடம் அவனுக்குள் நுழைய முயன்றேன், அடுத்த 7 வருடம் அவன் வெளியே வராமல் இருக்க முயன்றேன். எண்களைக் கவனியுங்கள், கணக்கு சரியாக 15க்கு வருகிறது. அந்த நிதானமான குரலில், அவன் கண்ணுக்குப் பின்னால் இருந்தது தீமையேதான் என்ற முடிவு வரும்போது, அது பூசாரியின் வாக்காக இல்லாமல் பரிசோதனை அறிக்கையின் கடைசி வரியாகக் கேட்கிறது.

அவரைத் தனியாக விட்டால் குறும்பும் செய்வார். வீட்டுக்கு வெளியே புதருக்குப் பின்னால் ஒளிந்து காத்திருக்கும்போது, துணிச்சல் காட்ட வரும் சிறுவர்களைக் கரகரத்த குரலில் மிரட்டி ஓடவைத்துவிட்டுத் தனக்குள் திருப்தியாகச் சிரித்துக்கொள்வார். அடுத்த நொடி பின்னாலிருந்து ஷெரிஃப் தோளைத் தொட, தூக்கிவாரிப்போடும். பயமுறுத்துவதில் உள்ள சின்னச் சந்தோஷமும் பயமும் ஒரே முகத்தில் ஒரு நொடி இடைவெளியில்.

முடிவுக் காட்சியில் 6 குண்டுகள் பாய்ந்து மயர்ஸ் பால்கனியிலிருந்து விழுகிறான். அது பூச்சாண்டியா என்று, அவனிடமிருந்து உயிர் தப்பிய லாரி என்ற இளம்பெண் அழுதுகொண்டே கேட்கிறாள். சொல்லப்போனால், ஆமாம் என்கிறார் லூமிஸ். விண்ணப்பத்தைச் சரிபார்த்துப் பதில் சொல்கிற தொனி. பிறகு எட்டிப் பார்க்கிறார், கீழே உடல் இல்லை. இந்த இடத்தில் அதிர்ச்சியாகப் பார்க்கட்டுமா, இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவராகப் பார்க்கட்டுமா என்று ப்ளெசன்ஸ் கேட்டதாகவும், இரண்டையுமே எடுத்து இரண்டாவதை வைத்ததாகவும் சொல்வார்கள். படத்தில் இருப்பது இரண்டாவதுதான். அதிர்ச்சி என்றால் அந்த ஒரு இரவோடு முடிந்துபோகும். முன்பே தெரியும் என்கிற பார்வையில் இது முடியப்போவதில்லை என்ற செய்தி இருக்கிறது.

முடியத்தான் இல்லை. 1981, 1988, 1989, 1995 என்று மேலும் நான்கு படங்களில் லூமிஸ் வந்தார். இரண்டாம் பாகத்திலேயே, 6 தடவை சுட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தத் தொடங்கிவிட்டார். எழுதியவர்கள் அறிக்கை கொடுக்கும் டாக்டரை மறந்துவிட்டு, உரக்கப் பேசும் தீர்க்கதரிசியாக மாற்றினார்கள். அவரும் கேட்ட வேடத்தை எல்லாம் ஒப்புக்கொள்கிறவர், நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது. 1995 பிப்ரவரி 2 அன்று பிரான்ஸில் தன் 75ஆவது வயதில் இறந்தார். கடைசி ‘ஹாலோவீன்’ அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தது.

கார்ப்பென்டர் அவரை மறக்கவில்லை. 1981இல் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ படத்தில் அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆக்கிவிட்டார், அந்த ஆங்கிலேய உச்சரிப்போடு. மன்ஹாட்டன் முழுவதும் சிறையாக்கப்பட்ட எதிர்காலம். ஜனாதிபதியின் விமானம் உள்ளே விழுந்து அவர் கைதியாகிறார். ரவுடிகள் தலையில் பொன்னிற விக் மாட்டி, சுவரோரம் நிறுத்தி, சுற்றிலும் சுட்டு விளையாடுகிறார்கள். நடுங்கிக்கொண்டு அவர்கள் சொல்லச் சொன்ன புகழ்ச்சியை ஒப்பிக்கிறார். தப்பிக்கும் நேரத்தில் மதில்மேல் ஏறியதும் ஒரு இயந்திரத் துப்பாக்கி கையில் கிடைக்கிறது. அதே புகழ்ச்சி வரிகளை இப்போது கத்திக்கொண்டே ரவுடித் தலைவனைச் சுட்டுத் தள்ளுகிறார். அந்தக் கத்தலில் இருப்பது வீரம் இல்லை, வெறி.

சில நிமிடங்கள்தான். உலகத் தலைவர்களிடம் பேச ஒளிபரப்பு தயாராகிறது. ஜனாதிபதிக்கு முகச்சவரம், ஒப்பனை நடக்கிறது. அவரைக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஸ்னேக் பக்கத்தில் வந்து, உங்களை வெளியே கொண்டுவருவதில் நிறையப் பேர் செத்தார்கள், அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறான். ஜனாதிபதி அவர்களுக்கு நன்றி தெரிவிக்கிறார். இந்த நாடு அவர்கள் தியாகத்தை மதிக்கிறது என்கிறார். ஒளிபரப்புக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரம் கண்ணில் தெரிகிறது. ஸ்னேக் ஒன்றும் பேசாமல் நடந்து போய்விடுகிறான். கேமரா முன்னால் ஜனாதிபதி கம்பீரமாகப் பேசி முடித்து, உலகத்தைக் காக்கப்போகும் ஒலிநாடாவை ஓடவிடுகிறார். ஸ்னேக் நாடாவை மாற்றியிருக்கிறான். நடனப் பாட்டு ஒன்று துள்ளலாக ஒலிக்கத் தொடங்குகிறது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, ஃபைலில் தவறான காகிதத்தை வைத்து அனுப்பிவிட்டவரின் முகத்தோடு ப்ளெசன்ஸ் உட்கார்ந்திருக்கிறார்.